மேலே யாருக்கும் கேட்கவில்லை

வாரிங்கா, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா
12 செப்டம்பர் 2005

அன்புள்ள ரூபா அக்காவுக்கு,

கோபிகிருஷ்ணன் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் சீனு மாமாவும் குட்டி சுமித்ராவும் சுகம்தானே? நாகலாபுரத்தில் நைனாவும் அம்மாவும் எப்படி இருக்கிறார்கள்? நைனாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினாலும் பேசின மாதிரி இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அங்க இன்னா துன்றான்னு கேளு, குளுரு எப்பிடி கீதுன்னு கேளு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதற்குள் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ வேலை செய்யும் துணிக்கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

இங்கே பறப்பவை என்ஜின் இல்லாத விமானங்கள். கிளைடர் என்பார்கள். வேறொரு விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். பிறகு, சூடான காற்று எங்கே மேலே எழுகிறதோ அங்கே கழுகு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறுவார்கள். சத்தமே வராது. முதல் நாள் ஒன்று என் தலைக்கு மேலே வந்து இறங்கியபோது பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திடுக்கிட்டுப் போனேன்.

முதலாளி பெயர் கிரெக். கிளைடர்களின் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அவருடையது. ஒவ்வொரு கிளைடரிலும் லாகர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. எங்கெங்கே பறந்தது, எவ்வளவு உயரம் போனது என்று அது பதிவு செய்துகொள்ளும். முன்பெல்லாம் இறங்கிய பிறகுதான் அதைப் பார்ப்பார்கள். இப்போது உள்ளங்கை அளவு கைக்கணினி வந்துவிட்டது. அதை லாகரோடு இணைத்தால் பறக்கும்போதே திரையில் வழி தெரியும். அந்த இணைப்பு ஒயரையும், கைக்கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன பவர் பாக்ஸையும் செய்வது என் வேலை. ஜனவரியில் பெரிய போட்டி இருக்கிறது. அதற்குள் எல்லாருக்கும் விற்றுவிட வேண்டும் என்று கிரெக் அவசரப்படுத்துகிறார்.

பயப்படாதே, நான் எதிலும் ஏறமாட்டேன். தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதியிலேயே இறங்கி வந்தவன்தானே நான்.

மாமாவுக்கு என் வணக்கம். சுமித்ராவுக்கு முத்தம்.

உன் தம்பி,
கோபி


திருப்பதி
2 அக்டோபர் 2005

என் தம்பி கோபிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லாரும் சுகம். நைனாவுக்குக் கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கடலைக்காய்க் கொல்லைக்குப் போகாமல் இருக்கமாட்டேன் என்கிறார். அம்மா உன் கடிதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள், கொடுத்தனுப்பினேன்.

பிரம்மோற்சவக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஊரில் கால் வைக்க இடமில்லை. மாமா விடிந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறவர்தான். யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு ஏறுவதும் இறங்குவதுமாகச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை. கொஞ்சம் அசதியாகத் தெரிகிறார். வேறொன்றும் இல்லை.

சுமித்ராவை இனிமேல் ஜீப்பில் உட்காரவைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீவு நாளில் அவள் நைனா கூடப் போவேன் என்று அழுகிறாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அதுதான்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று கேட்கவேண்டும் என்று இருக்கிறது. அந்த என்ஜின் இல்லாத விமானத்தில் ஓட்டுகிறவனுக்கு மேலே போனபிறகு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வார்கள்? திடீரென்று ஒரு நிமிஷம் நினைவு தப்பினால்? சும்மாதான் கேட்கிறேன். பதில் எழுதும்போது மறக்காமல் எழுது.

குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் உன் அக்கா,
ரூபா


வாரிங்கா
20 அக்டோபர் 2005

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம் என்று படித்ததும்தான் மனசு அமைதியானது. நான் நன்றாக இருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இரண்டு பேர் உட்காரும் கிளைடராக இருந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். தனியாகப் போனவன் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உடம்பு சரியில்லாதவர்கள் பறக்கவே கூடாது என்பது இங்கே கண்டிப்பு. ஏன் கேட்டாய்?

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. உன்னிடம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மார்கரெட் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். இங்கே உள்ள கிளைடர் கிளப்பில் வெகு காலமாகப் பறக்கிறவர். போன சனிக்கிழமை இறங்கி வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து, "இன்றைக்கு யாருமே பேசவில்லையே, எல்லாரும் தூங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். கீழே இருந்தவர்கள் அவரை ரேடியோவில் எத்தனையோ தடவை கூப்பிட்டிருந்தார்கள். கிரெக் சிரித்துவிட்டு, "காதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். அந்த அம்மாளும் சிரித்தார். ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை.

அவர் கிளைடரில் நான் செய்த ஒயரையும் பவர் பாக்ஸையும் போன வாரம்தான் மாட்டியிருந்தேன். அவர் போனபிறகு அந்தக் கிளைடரின் ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்திலிருந்து பேசினால் தெளிவாகக் கேட்கிறது. தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் மட்டும் பவர் பாக்ஸை அணைத்தால் கேட்கிறது, போட்டால் காணாமல் போகிறது.

கரகரவென்று இரைச்சல் வந்தாலாவது ஏதோ கோளாறு என்று தெரியும். இந்த ரேடியோவில் இரைச்சலை வெளியே விடாமல் மூடிவைக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. என் பெட்டி கிளப்புகிற இரைச்சலோடு சேர்த்து மனுஷன் குரலையும் அது மூடிவிடுகிறது. மேலே இருப்பவருக்கு யாரும் பேசவில்லை என்றுதான் தோன்றும்.

கிரெக்கிடம் சொன்னேன். தரையில் சோதித்தோம், கேட்டது, அவ்வளவுதான் என்றார். பெட்டிகள் பாதிக்கு மேல் விற்றாகிவிட்டன. பிறகு என் தோளைத் தட்டி, "உன் விசாவில் கையெழுத்துப் போட்டவன் நான், நினைவிருக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை அக்கா. வீட்டை அடமானம் வைத்துத்தான் இந்தப் பட்டறையை நடத்துகிறார்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல்.

தம்பி,
கோபி


திருப்பதி
6 நவம்பர் 2005

கோபிக்கு,

சுகம். தீபாவளி ஆயிற்று. மழை விடாமல் கொட்டுகிறது. மலைப் பாதையில் அங்கங்கே கல் உருண்டு விழுகிறது என்கிறார்கள்.

நீ வாயை மூடிக்கொண்டு இரு. அவ்வளவுதான் நான் சொல்வது.

அந்த ஆளுக்கு இத்தனை வருஷ அனுபவம். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? உன்னை அங்கே அனுப்ப நைனா எத்தனை பேர் வாசலில் நின்றார் என்று உனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் திரும்பி வந்து நின்றால் அவர் தாங்குவாரா?

பார்த்ததையெல்லாம் வெளியே சொல்ல ஆரம்பித்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியும்? எல்லா வண்டியிலும் ஏதோ ஒரு கோளாறு இருக்கத்தான் இருக்கிறது. எல்லாரும் போகிறார்கள், வருகிறார்கள். மேலே இருக்கிற சாமி பார்த்துக்கொள்வார். ஒரு தடவை நடந்தது மறுபடியும் நடக்கவேண்டும் என்று என்ன இருக்கிறது?

இதைப்பற்றி இனி எழுதாதே. போனிலும் பேசாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூபா


வாரிங்கா
24 நவம்பர் 2005

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆசை.

எழுதாதே என்றாய். மன்னித்துவிடு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ சொன்னபடி பேசாமல்தான் இருந்தேன். மேலும் இரண்டு கிளைடர்களில் என் கையாலேயே பெட்டியை மாட்டினேன். திருகாணி கையிலிருந்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. கிரெக், "குளிரா?" என்று கேட்டார். இங்கே இப்போது கோடைகாலம்.

நேற்று பிற்பகல் கொட்டகை வாசலில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானத்தில் ஒரே இடத்தில் இரண்டு கிளைடர்கள் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக. கீழே இருந்தவன் வேகமாக ஏறிக்கொண்டு வந்தான். "நான் உனக்கு நேர் கீழே இருக்கிறேன், இடதுபக்கம் திரும்பாதே" என்று சொன்னான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேலே இருந்தவன் பதில் சொல்லவில்லை. கீழே இருந்தவன் மறுபடியும் சொன்னான். பதில் இல்லை. மூன்றாவது தடவை அவன் சொல்லவில்லை, கத்தினான். அப்போது மேலே இருந்தவன் இடதுபக்கம்தான் திரும்பினான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் கையில் இருந்தது வெறும் ரேடியோ. நான் கத்தினாலும் அவனுக்குக் கேட்காது. கேட்காமல் செய்தவனே நான்தானே.

கீழே இருந்தவன் மூக்கைக் கவிழ்த்து விழுகிற மாதிரி விலகினான். இரண்டு இறக்கைகளும் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்து, பிறகு நடுவில் வானம் தெரிந்தது. கீழே வந்ததும் ஒருவன் மற்றவனைப் பிடித்து அடிக்கப் போனான். "நீ கூப்பிடவே இல்லை" என்று மேலே இருந்தவன் சத்தியம் செய்தான். அவன் சொன்னது பொய் இல்லை. எனக்குத் தெரியும், கிரெக்குக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

அக்கா, உன் போன கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து உன்னுடையது. ஆனால் நீ பேசுகிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் புகை வந்தால்கூட ஓடிப்போய்ப் பார்க்கிறவள் நீ. வீட்டில் என்ன நடக்கிறது? மாமாவுக்கு ஏதாவதா?

உடனே எழுது.

கோபி


வாரிங்கா
18 டிசம்பர் 2005

அக்கா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். "நல்லா கீறோம் மச்சான், உங்கக்கா கடைக்குப் பூட்டா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்ன கடை?

நாளைக் காலையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். நைனாவுக்கும் அம்மாவுக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

சுமித்ராவைப் பார்த்துக்கொள்.

கோபி


திருப்பதி
3 ஜனவரி 2006

கோபி, என் கண்ணே,

நீ உயிரோடு இருக்கிறாயா?

இப்படியா ஒரு கடிதம் எழுதுவது? என்ன வேலை, எங்கே வேலை என்று ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் போய் வருஷம் பிறந்தும் போன் இல்லை. நேற்று ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் உன் பட்டறை நம்பருக்குப் போட்டேன். ஒரு ஆள் எடுத்தான். "கோபி, கோபி" என்றேன். அவன் ஏதோ சொன்னான். எனக்குப் புரிந்தது "நோ மோர்" என்பது மட்டும்தான். வைத்துவிட்டான். பூத்துக்காரரிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் சொல்லியிருப்பான்மா, சரியா காதுல விழுந்திருக்காது" என்றார். வீடுவரைக்கும் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடம் மறைத்ததை எழுதுகிறேன்.

செப்டம்பரில் ஒருநாள் சுமித்ரா மாமாவோடு மலைக்குப் போய் வந்தாள். வந்ததும், "அம்மா, நைனா கண்ணத் தொறந்துக்கினே தூங்குறாரு" என்றாள். விளையாட்டு என்று நினைத்தேன். அப்புறம் வீட்டில் நானே பார்த்தேன். சோறு பிசைந்துகொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டது. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைகிறது. கூப்பிட்டால் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி, "ரசம் ஊத்து" என்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று காலைப் பிடித்தேன். "டாக்டரு எழுதிக் குடுத்தா லைசென்ஸ் பூடும். அப்புறம் நான் இன்னா பண்றது, கோயில் வாசல்ல குந்திக்கிறதா?" என்று கத்தினார். அதனால்தான் உனக்கு அப்படி எழுதினேன், கோபி. உன்னைப் பேசு என்று சொன்னால் என்னையும் பேசு என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

நவம்பர் கடைசியில் நான் மலைக்குப் போயிருந்தேன். இறங்கும்போது அவர் ஜீப்பிலேயே முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் வண்டி நிறைய ஜனம், ஒரு கைக்குழந்தை வேறு. மழை. ஒரு வளைவு வந்தது. வண்டி திரும்பவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் மென்றுகொண்டிருந்தது.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். ஜீப் மலைச்சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர்தான், அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் மழையில் டயர் வழுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மாமாவின் தோளைத் தொட்டு, "நல்ல டிரைவர்ப்பா, எங்க உயிரக் காப்பாத்தின" என்று கும்பிட்டார். மாமா திருதிருவென்று விழித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குழந்தையின் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. இரண்டு விமானம் மோதப் பார்த்தது என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவேன்? பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவர் இன்னும் தினமும் ஜீப் எடுக்கிறார். காலையில் வண்டிச் சத்தம் கேட்டதிலிருந்து சாயந்திரம் அது திரும்பி வரும்வரை மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். போன் அடித்தால் எடுக்க பயம். அதனால்தான் நீ கூப்பிட்டபோதும் நான் எடுக்கவில்லை.

ஒரே ஒரு வரி எழுது. இருக்கிறேன் என்று எழுது.

ரூபா


வாரிங்கா
17 ஜனவரி 2006

என் அக்காவுக்கு,

இருக்கிறேன். போனில் சொன்னதையே இங்கேயும் முதல் வரியாக எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த கையோடு ஓடிப்போய்ப் போன் செய்தேன். நீ அழுததைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மாமா பக்கத்தில் இருந்ததால் நானும் எதையும் பேச முடியவில்லை.

அந்த ஆள் "நோ மோர்" என்று சொன்னது, நான் இப்போது அங்கே வேலையில் இல்லை என்பதை. கிரெக் என்னை அனுப்பிவிட்டார். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன். நீ இப்படி நினைத்து நடுங்குவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை மார்கரெட் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் தடுமாறியது. அவர் முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் வா, மேலே போய் எல்லாருக்கும் காட்டுவோம்" என்றார். தரையில் காட்டினால் கிரெக் மறுபடியும் நன்றாகக் கேட்கிறதே என்பார். ஆகவே தூரத்துக் குரல் வேண்டும், உயரம் வேண்டும். அவர் ஓட்டவேண்டும். பின் இருக்கையில் யாராவது பெட்டியின் ஸ்விட்சைப் போட்டு அணைக்கவேண்டும். யாராவது என்றால் யார்?

ஏறினேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். மேலே மூடியை அடைத்தார்கள். கயிறு இறுகி, புல் ஓடி, தரை நழுவியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு சத்தத்தோடு கயிறு கழன்றது. அதன்பிறகு காற்றின் சீறல் மட்டும்தான். கண்ணைத் திறந்தால் ஒரு இறக்கை நேராக பூமியைப் பார்த்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது. நான் கீழே கொட்டிவிடுவேன் போலிருந்தது. வாந்தி எடுத்தேன். மார்கரெட் அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பை உன் வலதுபக்கம் இருக்கிறது, கோபி" என்றார்.

வெகுதூரத்தில் இன்னொரு விமானத் திடலில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ரேடியோவில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார். மெல்லிய குரல். நான் ஸ்விட்சைப் போட்டேன். குரல் நின்றது. அணைத்தேன், வந்தது. அவர் எண்ணுவதை நிறுத்தவே இல்லை, நடுவில் உள்ள எண்கள்தான் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஸ்விட்ச் போட்டிருந்தபோது இருந்த அந்த அமைதி இருக்கிறதே, அதற்குத்தான் நான் உயரத்தைவிட அதிகமாகப் பயந்தேன். எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருந்தது, அக்கா.

மார்கரெட் அம்மா ரேடியோவில் எல்லாரிடமும், "உங்கள் பெட்டியைப் போட்டு, அணைத்துப் பாருங்கள்" என்றார். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். "எனக்கும் நின்றுவிட்டது." "எனக்கும்." கீழே பட்டறையில் கிரெக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரமே எல்லாப் பெட்டிகளையும் கழற்றச் சொல்லிக் கிளப் உத்தரவு போட்டது. மறுநாள் கிரெக் என் கணக்கை முடித்தார். திட்டவில்லை. என் ஸ்க்ரூடிரைவர்களைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். மார்கரெட் அம்மாவின் கொட்டகையில் தங்கியிருக்கிறேன். இரைச்சல் போடாத வேறு மாதிரிப் பவர் பாக்ஸ் செய்தேன். மேலே உலோக வலை பின்னிய ஒயரை எடுத்து, ரேடியோவின் ஆன்டெனா ஒயர் போகாத மறுபக்கமாகக் கொண்டுபோனேன். மறுபடியும் மேலே போய்ச் சோதித்தோம். குரல் நிற்கவில்லை. போட்டிக்கு எல்லாரும் அதைத்தான் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள்.

வேறு யாரும் வேலைக்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் நான் ஊர் திரும்பவேண்டும். நைனாவிடம் நானே சொல்கிறேன்.

மாமாவைப் பற்றி நான் என்ன சொல்வது? நீ அவரோடு வாழ்கிறவள், நான் கடல் தாண்டி இருக்கிறவன். ஒன்றுதான் எனக்கு மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜீப்பில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாது, அக்கா.

உன் தம்பி,
கோபி


திருப்பதி
20 பிப்ரவரி 2006

மச்சான் கோபிகிருஷ்ணனுக்கு,

உங்க மாமா சீனு எழுதிக்கிறது. நான் யாருக்கும் லெட்டர் எழுதினவன் இல்ல. தப்பு இருந்தா பொறுத்துக்க. உடம்பு சுகமா? இங்க சுகம்னு எழுத எனக்கு மனசு வரல.

உங்கக்கா பண்ண வேலைய யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நானே சொல்றேன்.

பொங்கல் போய் ரெண்டு வாரம் இருக்கும். வண்டி நிறைய ஆள ஏத்திக்கினு மலையடியில அலிபிரிக்கு வந்தேன். அங்க செக்கிங்குக்கு எல்லாரும் எறங்கி, பைய காட்டிட்டு மறுபடி ஏறணும். ஏற வர்ற நேரத்துல உங்கக்கா ஜீப்புக்கு முன்னால வந்து நிக்கிறா. எப்ப வந்தா, எப்பிடி வந்தா, தெரியாது. கடைக்குப் போற பொடவையோட நிக்கிறா.

"இந்த வண்டில ஏறாதீங்க. இவருக்கு நெனப்பு தப்புது. ஒரு தபா வளைவுல வண்டி போச்சு, நான்தான் இழுத்தேன்"னு சொல்றா. கொஞ்சம் பேருக்குத் தமிழ் புரியல. கைய ரெண்டும் விரிச்சுக்கினு, "எக்கொத்தண்டி, எக்கொத்தண்டி"ன்னு அதையே தெலுங்குல கத்துறா. மத்த டிரைவருங்க எல்லாம் பார்த்துக்கினு நிக்கிறானுங்க. ஒருத்தன் சிரிச்சான்.

"யாருமா நீ?"ன்னு ஒரு ஆளு கேட்டாரு. "நான் இவரு பொண்டாட்டி"ன்னா.

அதுக்கப்புறம் யாரும் ஏறல. மூட்டைய எடுத்துக்கினு அடுத்த வண்டிக்குப் போனாங்க. எனக்கு அவள அடிக்கணும்னு கை வந்துச்சு. அவ நவுரல. அழுவவும் இல்ல. கைய விரிச்ச வாக்குலயே நின்னா. வண்டி மொதலாளிக்கு விஷயம் போச்சு, சாவிய வாங்கிக்கினாரு.

நான் வீட்டுக்குப் போய், "இனிமே உன் மொகத்துல முழிக்க மாட்டேன்"னேன். அவ சுமித்ராவ இட்டுக்கினு நாகலாபுரம் பூட்டா. உங்க நைனா வந்து கேட்டாரு, நான் பேசல. பஸ் ஸ்டாண்டாண்ட டீக்கடையில போய்க் குந்திக்கினு, எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டாங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்.

போன வாரம் அந்தக் கடையிலயே உழுந்துட்டேன் மச்சான். கையில டீ கிளாஸ் இருந்தது தெரியும். அப்புறம் கண்ணத் தொறந்தா தரையில கெடக்கிறேன், வாயில ரத்தம், நாக்கக் கடிச்சிருக்கேன், சுத்தி ஒரே கும்பலு. கை கால் எல்லாம் இழுத்துச்சாம். என்னைப் புடிச்சு அமுக்கினது எவன்னா, அன்னிக்கு அலிபிரில சிரிச்சானே, அவன்.

படுத்துக்கினே பார்த்தேன். ரோட்டுல ஜீப்புங்க மலைக்குப் போய்க்கினு இருந்துச்சு. ஒண்ணுத்துல கொழந்தைங்களா குந்திக்கினு போச்சு. அதுக்கு மேல எனக்கு எழுத வரல.

டாக்டரு மாத்திரை குடுத்துக்கீறாரு. பல வருஷம் துன்னணுமாம். வண்டி தொடக்கூடாதாம். நான் நாகலாபுரம் போய் உங்கக்காவ இட்டுக்கினு வந்துட்டேன். வந்தா, ஆனா பேச மாட்டேன்றா. நானும் இன்னா பேசறதுன்னு தெரியாம கீறேன். நீ சொன்னா கேப்பா. எனக்குக் கோவம் இல்லன்னு அவளுக்கு எழுது.

உங்க மாமா,
சீனு


திருப்பதி
12 மார்ச் 2006

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். நைனாவும் அம்மாவும் உன்னை எதிர்பார்த்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஏப்ரலில் வருகிறேன் என்று நீ போனில் சொன்னதும் நைனா துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். பிறகு பக்கத்து வீட்டு முனிசாமியிடம், "எம் புள்ள ஆகாசத்துல ஏறிப் போய் உண்மைய நிரூபிச்சுட்டு வர்றான்" என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் தலை குனிந்து வராதே.

மாமா உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லவில்லை, நீ போனில் சொல்லித்தான் தெரியும். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று நீயும் சொல்லவேண்டாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஜீப் ஸ்டாண்டிலேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. யாத்திரைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டு மற்ற டிரைவர்களின் வண்டியில் ஏற்றிவிடவேண்டும். முதல் நாள் போக வெட்கப்பட்டார். இப்போது போகிறார்.

எனக்குப் பயம் தெளியவில்லை, கோபி. அவர் கிணற்றடிக்குப் போனால் போய் எட்டிப் பார்க்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் நிறுத்தினால், "இன்னாங்க, இன்னாங்க" என்று கையைப் பிடித்து உலுக்குகிறேன். "யோசனைதான் பண்ணிக்கினு இருந்தேன், உடு" என்று அலுத்துக்கொள்கிறார்.

நேற்று மூன்று பேரும் மலைக்குப் போனோம், பஸ்ஸில். அவர் பயணியாக மலை ஏறுவது இதுதான் முதல் தடவை. சுமித்ரா ஜன்னலோரம், நடுவில் அவர், இந்தப் பக்கம் நான். தரிசனம் முடிந்து இறங்கும்போது அந்த வளைவு வந்தது. நான் சொல்லவில்லை. எந்த இடம் என்று அவருக்கு இதுவரை தெரியாது, நானும் காட்டியதில்லை. ஆனால் அங்கே வந்ததும் அவருடைய வலது கால் முன்னால் இருந்த சீட்டின் அடியில் பலமாக மிதித்தது, பிரேக்கை மிதிக்கிற மாதிரி. பஸ் பாட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அவர் காலை எடுக்கவில்லை.

"இங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா."

அடிவாரம் வரும்வரை அவர் சுமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறங்கியபிறகு சுமித்ராவைத் தூக்கிக்கொண்டார். அவளுக்கு வயது ஏழாகிறது, தூக்கிக்கொள்கிற வயசா? இறக்கிவிடச் சொல்லி அவள் கத்தினாள். இறக்காமலே வீடுவரைக்கும் நடந்தார்.

ஜாக்கிரதையாக வா. விமானம் ஏறும்முன் ஒரு போன் செய், இறங்கியதும் ஒரு போன் செய். இனி நானே எடுப்பேன்.

உன் அக்கா,
ரூபா